துப்பாக்கியை விற்காதே, தராசை வாங்கு

என் செல்ல மகளுக்கு,

சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து அம்மா எழுதுவது, கோபத்தோடு. உன்மேல் கொஞ்சம்தான் கோபம், மற்றவர்கள்மேல்தான் நிறைய. அதனால் பயப்படாமல் படி.

போன ஞாயிற்றுக்கிழமை பிரபுவின் அம்மாவும் அப்பாவும் செங்கல்பட்டிலிருந்து நம் வீட்டுக்கு வந்தார்கள். முகூர்த்தப் புடவை பற்றிப் பேசத்தான் வருகிறார்கள் என்று நினைத்து, முந்திரியைத் தாராளமாகப் போட்டுக் கேசரி கிளறி வைத்திருந்தேன். அதை வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைக்கும்போதே உன் வருங்கால மாமியார் ஆரம்பித்தார். “இன்னாங்க, பொண்ணு அமெரிக்கால துப்பாக்கி வெச்சிக்கினு சுட்டுக்கினு கீதாமே? பிரபு அங்கருந்து போட்டோ அனுப்பிச்சான். எங்க வூட்ல அத்தப் பாத்துட்டு எல்லாரும் பேஜாராப் பூட்டாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி அத்த வித்துடச் சொல்லுங்க. அப்பால அந்தத் துப்பாக்கி மருந்து, தோட்டா செய்யற மெஷினு எதுவும் வாங்க வாணாம்னும் சொல்லிடுங்க.” உன் அப்பா வகுப்பில் ஒரு முறை முறைத்தால் பையன்கள் எல்லாம் பெட்டிப் பாம்பாக அடங்கிவிடுவார்கள். ஆனால் சம்பந்தி வீட்டார் முன்னால் அவரே அடங்கிப்போனார். “அதுக்கென்னங்க, சொல்லிட்டா போச்சு. அவ கேட்டுப்பா” என்றார். நான் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். வாயைத் திறந்தால் என்ன வந்திருக்கும் என்று எனக்கே தெரியாது. நான் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவர்கள் கிளம்பிப் போனார்கள்.

அப்பா உனக்குப் போன் செய்தபோது நீ “சரிப்பா, யோசிக்கிறேன்” என்றாயாம். நம்பமுடியாமல் நான் பிரவுசிங் சென்டருக்குப் போய் மெயிலைத் திறந்து பார்த்தேன். ‘அம்மா, நான் அனுப்பின தோட்டா பிரஸ் படத்தையெல்லாம் பாக்க வேணாம். இப்போதைக்கு அந்தப் பேச்சே வேணாம்’ என்று எழுதியிருந்தாய். அதற்கு முந்தின மெயிலில்தான் மூன்று படங்களை அனுப்பி, ‘நீதாம்மா பிரஸ் ஷாப்ல இருக்க, எத வாங்கறதுன்னு நீயே சொல்லு’ என்று கேட்டிருந்தாய். நான் மறைமலைநகர் கம்பெனிக்குப் போக ஆரம்பித்த நாளிலிருந்து இன்றுவரை நம் வீட்டில் யாரும் என் வேலையைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பஸ் லேட்டா, போனஸ் வந்துவிட்டதா, அவ்வளவுதான். நீ கேட்டாய். அதைப் படித்துவிட்டு அன்றைக்குக் கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து நான் சிரித்துக்கொண்டே போனேன். யாரோ ஒரு அம்மாள் கேசரி சாப்பிட்டுவிட்டுச் சொன்ன பேச்சுக்காக நீ அந்தக் கேள்வியை வாபஸ் வாங்கினால், நான் விட்டுவிடுவேனா? கேட்டது கேட்டதுதான். பதில் சொல்லியே தீருவேன். துப்பாக்கியை விற்காதே. முதலில் தராசை வாங்கு. பிறகு பிரஸ்.

உனக்கு இந்தக் கிறுக்கு அமெரிக்காவில் பிடித்தது என்று அவர்கள் நினைக்கிறார்கள். எங்கே பிடித்தது என்று எனக்குத் தெரியும். நீ ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் நாம் மூன்று பேரும் மாமல்லபுரம் போயிருந்தோம். கடற்கரைக் கோயிலைத் தாண்டி, மணலில் பலகை நட்டு, வரிசை வரிசையாகப் பலூன் கட்டி, ஏர்கன்னை வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். உனக்குச் சுட வேண்டும் என்று ஒரே அடம். முதல் தடவை வாங்கிய குண்டு அத்தனையும் வீண். அந்த வயதில் வேறு பிள்ளையாக இருந்தால் அழுதிருக்கும். நீ பலகைக்குப் பக்கத்தில் போய்க் குண்டு எங்கே பட்டிருக்கிறது என்று பார்த்தாய். திரும்பி வந்து, “அம்மா, இது எடப்பக்கமாவே போவுது” என்றாய். அடுத்த தடவை பலூனைப் பார்க்காமல் அதற்கு வலப்பக்கத்தில் ஒரு விரற்கடை தள்ளிக் குறி வைத்தாய். ஒரு வரிசை முழுக்கப் போனது. அடுத்த வரிசையும் போனது. கூட்டம் கூடிவிட்டது. கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். “யம்மா, பாப்பாவ இட்டுக்கினு போம்மா. இத்தினி பலூனு ஊதறதுக்கு எனக்கு மூச்சு கீதா?” அப்பாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது, உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஐஸ் வாங்கித் தரப் போனார். எனக்கு வெட்கமாக இல்லை. குழல் கோணல் என்று யாரும் சொல்லாமலே கண்டுபிடித்து, கோணலுக்குத் தகுந்தபடி குறியை மாற்றிக்கொண்ட பிள்ளை என் பிள்ளை என்று பெருமையாக இருந்தது. எங்கள் தரப் பரிசோதனைப் பிரிவில் நாள் முழுக்க நாங்கள் செய்வதும் அதைத்தான்.

அப்புறம் கல்லூரியில் மாணவர் படையில் சேர்ந்து காக்கிச் சட்டை போட்டுக் காம்ப்புக்குப் போனாய், ரைஃபிளைத் தொட்டாய், கப் வாங்கிக்கொண்டு வந்தாய். அந்தக் கப்பில் உன் அப்பா இன்றைக்கும் சில்லறை போட்டு வைக்கிறார். அமெரிக்கா போனதும் ஆயிரம் கஜ தூரத்தில் சுடும் கிளப் என்றாய். ஆயிரம் கஜம் என்றால் நம் வீட்டு வாசலில் படுத்துக்கொண்டு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் இலக்கை அடிக்கிற மாதிரி என்று அப்பாவுக்குச் சொல்லிப் பார்த்தேன், அவர் நம்பவில்லை. கடையில் வாங்கும் தோட்டா ஒன்றுக்கொன்று துளி வித்தியாசம் இருக்கும், கிட்டத்தில் அது தெரியாது, அவ்வளவு தூரம் போனால் அந்தத் துளி ஒரு முழம் ஆகிவிடும், அதனால்தான் அங்கே எல்லோரும் சுட்ட பித்தளைக் கூட்டைப் பொறுக்கி எடுத்துவந்து, அச்சில் விட்டுச் சரிசெய்து, மருந்தை நிறுத்துப் போட்டு, புதுக் குண்டைப் பொருத்தித் தாங்களே தோட்டா செய்துகொள்கிறார்கள், அங்கே சட்டத்தில் அதற்கு இடம் உண்டு என்று நீ போனில் விளக்கிக்கொண்டே போனாய். நான் பாதியிலேயே சிரித்துவிட்டேன். தூளை நிறுத்து, அச்சில் போட்டு, அழுத்தி, அளந்து பார்ப்பது! நான் சம்பளம் வாங்குவதே அதற்குத்தானே, கண்ணு. எங்கள் கம்பெனியில் இரும்புத் தூளை அச்சில் நிரப்பி அழுத்தி, உலையில் சுட்டுக் காருக்குப் புஷ் என்கிற சின்ன வளையம் செய்கிறோம். உன்னுடையது வேறு தூள், வேறு அச்சு. குணம் ஒன்றுதான்.

அதனால் தராசிலிருந்து ஆரம்பிக்கிறேன். உன் மெயிலில் பிரஸ்ஸுக்குத்தான் மூன்று படம் இருந்தது, தராசைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான், பெரிய சாமானைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். எங்கள் கம்பெனியில் ஒரு ஆயுத பூஜைக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஷாப் முழுக்கக் கழுவி, மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை கொடுத்து, பூசணிக்காய் உடைத்து அமர்க்களமாக நடந்தது. எங்கள் சூப்பர்வைசர் பக்திமான். வெளியே மெஷினுக்கு வைத்தது போதாது என்று எங்கள் ஏசி ரூமுக்கும் வந்தார். தராசைச் சரிபார்க்கிற எடைக்கற்கள் இருக்கும் மரப்பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு கல்லின் தலையிலும் குழைத்த சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தார். நாங்கள் எல்லோரும் பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டோம். மறுபடி வேலைக்கு வந்ததும் துணியால் துடைத்துவிட்டு, அந்தக் கற்களை வைத்துத் தராசைச் சரிசெய்தோம். தலைக்கும் உடம்புக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தில் சந்தனம் காய்ந்து உட்கார்ந்திருந்தது யார் கண்ணிலும் படவில்லை. கல்லின் எடை கூடிவிட்டதால் புஷ் எல்லாம் எடை குறைவாகத் தெரிந்தது. பிரஸ்காரரிடம் தூளைக் கொஞ்சம் கூட்டிப் போடச் சொன்னோம். அவரும் கூட்டினார். இன்னும் குறைகிறது என்றோம். இன்னும் கூட்டினார். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் டமார் என்று ஒரு சத்தம். அழுத்துகிற பஞ்ச் இரண்டாகப் பிளந்துவிட்டது. நல்லவேளை, கம்பிக் கதவு மூடியிருந்தது, யாருக்கும் அடிபடவில்லை.

எங்களுக்குப் பஞ்ச் உடைந்ததோடு போயிற்று. உனக்கு மருந்து கூடினால் துப்பாக்கியே வெடிக்கும், அதற்குப் பக்கத்தில் இருப்பது உன் முகம். எடையைத் தப்பாகக் காட்டும் தராசு இருக்கிறதே, அது இல்லாத தராசைவிட ஆபத்து, ஏனென்றால் நீ அதை நம்புவாய். அடுத்த வருஷத்திலிருந்து பூஜைக்கு முன்னாலேயே அந்தப் பெட்டியைப் பூட்டிச் சாவியை நான் இடுப்பில் சொருகிக்கொள்கிறேன். சூப்பர்வைசர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, “இன்னாம்மா, சாமிக்கே பூட்டா?” என்றார். “சாமி மன்னிச்சிடும் சார், எடைக்கல்லு மன்னிக்காது” என்றேன். நீயும் அங்கே வருஷா வருஷம் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்துப் பொரி வைக்கிறவள்தான். மேஜைக் காலுக்கு வை. தராசுப் பக்கம் போகாதே.

நல்ல தராசாகப் பார். பழைய மாதிரி முள் தராசு மெதுவாகக் காட்டினாலும் பரவாயில்லை, சூடு ஏறினாலும் இறங்கினாலும் நம்பர் தானாக ஓடாது. எலக்ட்ரானிக் வேண்டும் என்றால் மட்டமானதை வாங்காதே. எதை வாங்கினாலும் சரிபார்க்கத் தனியாக எடைக்கற்கள் வாங்கு, கையால் தொடாதே, வியர்வைக்கும் எடை உண்டு. ஃபேன் காற்று படாத இடமாக வை. உட்காரும்போதெல்லாம் முதலில் கல்லை வைத்துப் பார், பிறகுதான் மருந்து. எல்லாம் சேர்த்து ஒரே பெட்டியில் தருகிறார்கள் என்று எழுதியிருந்தாயே, வாங்கலாம், தப்பில்லை. ஆனால் அந்தப் பெட்டிக்குள் என்ன தராசு இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்கு.

இனி பிரஸ். உன் முதல் படத்தில் இருப்பதில் கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் ஐந்து வேலை நடக்குமாம், சுற்றிக்கொண்டே இருக்குமாம். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. உனக்கு வேண்டாம், இரண்டாவது படத்தில் இருப்பதும் அதே ரகம்தான், அதுவும் வேண்டாம். ஐந்து இடத்தில் ஒரே சமயத்தில் வேலை நடந்தால் எந்த இடத்தில் தப்பு நடந்தது என்று பழகாத கண்ணுக்குத் தெரியாது, தப்போடு தப்பாக வந்து விழுந்துகொண்டே இருக்கும். உனக்கு எண்ணிக்கை எதற்கு? நீ என்ன கடையா வைக்கப்போகிறாய்? மூன்றாவது படத்தில் ஒன்றும் இல்லாத மாதிரி நிற்கிறதே, ஒரு கைப்பிடி, ஒரு அச்சு, ஒரு இழுப்புக்கு ஒரே வேலை, அதுதான். வார்ப்பிரும்பில் கனமாக இருக்க வேண்டும், நீ சொந்தமாக ஸ்க்ரூ முடுக்கி நிறுத்தினாயே அந்த ஆடுகிற கம்ப்யூட்டர் மேஜையில் மாட்டாதே, கெட்டிப் பலகையில் போல்ட் போடு. அச்சை உன் துப்பாக்கியின் தோட்டாவுக்கு என்றே வாங்கு. பித்தளைக் கூட்டின் நீளத்தை அளக்க ஒரு நல்ல வெர்னியர் அளவுகோல் வாங்கு. எங்கள் கம்பெனியில் ஷிஃப்டின் முதல் பீஸை அளந்து நாங்கள் சரி என்று சொல்லும்வரை யாரும் இரண்டாவது பீஸ் அடிக்க முடியாது, மேனேஜரே வந்து நின்றாலும் முடியாது. நீயும் அப்படி இரு.

மருந்து எவ்வளவு என்பதை மருந்து செய்கிறவர்கள் அச்சடித்துத் தரும் புத்தகத்தில்தான் பார்க்க வேண்டும், இன்டர்நெட்டில் எவனோ மீசை முறுக்கிக்கொண்டு சொல்லும் கணக்கைத் தொடவே தொடாதே. புத்தகத்தில் போட்டிருக்கும் குறைந்த அளவிலிருந்து ஆரம்பி. மேஜைமேல் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும், வேலை முடிந்ததும் மூடி அதன் இடத்துக்குப் போக வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி போடு. மருந்து ஊற்றும்போது பேசாதே, பாட்டுக் கேட்காதே, போனை வேறு அறையில் வை. நானே கூப்பிட்டாலும் எடுக்காதே. எனக்குப் பயம் இல்லை என்று நினைக்காதே. நீ சுடுவதற்கு ரேஞ்சுக்குப் போகும் சனிக்கிழமைகளில் எனக்குச் சோறு இறங்குவதில்லை. ஆனால் பயத்துக்கு மருந்து நல்ல தராசு, நிதானமான கை. பயத்துக்காக ஒரு பெண் தன் கையில் இருப்பதைக் கீழே வைக்கக் கூடாது.

ஏன் இவ்வளவு ஆவேசமாக எழுதுகிறாள் இவள் என்று நினைப்பாய். நான் டிப்ளமோ முடித்து அந்தக் கம்பெனிக்குப் போனபோது பஸ்ஸில் நான் ஒருத்திதான் பெண். இரும்புப் பட்டறைக்குப் போகிற பெண்ணை யார் கட்டுவார்கள் என்று தெருவில் கேட்டார்கள். உன் அப்பா கட்டினார். ஒரு நிபந்தனையும் போடவில்லை. மழைக்காலத்தில் ஜிஎஸ்டி ரோட்டில் குடையோடு வந்து நிற்பார், பஸ் வரும்வரை. அவர் கெட்டவர் இல்லை, கண்ணு. நாலு பேர் குரலை உயர்த்தினால் சரி சரி என்று சொல்லிவிடுகிற மனிதர், அவ்வளவுதான். அவர் சொன்ன ‘சரி’யை நீ தூக்கித் தலையில் வைத்துக்கொள்ளாதே. இன்றைக்குத் துப்பாக்கியை விற்கச் சொல்கிறவர்கள் நாளைக்கு வேலையை விடச் சொல்வார்கள், அதற்கும் இதே மாதிரி கேசரி சாப்பிட்டுக்கொண்டேதான் சொல்வார்கள்.

நேற்று லீவு போட்டுவிட்டு நான் தனியாகச் செங்கல்பட்டு போனேன், கொளவாய் ஏரிப் பக்கம் இருக்கும் அவர்கள் வீட்டுக்கு. உட்காரச் சொல்வதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். “எம் பொண்ணு எதையும் விக்க மாட்டா. புதுசா ஒரு மெஷினும் வாங்கப் போறா. நான்தான் வாங்கச் சொல்லிக்கினு கீறேன்.” பிரபுவின் அப்பா பேப்பரை மடித்து வைத்தார். “நாளைக்கு வூட்ல கொழந்த குட்டி வந்தா இன்னாம்மா பண்றது?” என்றார். “இரும்புப் பொட்டில பூட்டி வெப்பா. ஏன், உங்க வூட்ல அருவாமண இல்லியா?” என்றேன். அவர் மறுபடி பேப்பரைப் பிரித்துக்கொண்டார். அந்த அம்மாள் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேச்சை மாற்றினார்.

“அத்த அப்பால பேசிக்கலாம்ங்க. சீரு இன்னா செய்யறதா கீறீங்க? நாங்க வாயத் தொறந்து ஒண்ணும் கேக்க மாட்டோம். உங்க பொண்ணுக்கு நீங்க இஷ்டப்பட்டு செய்யறதுதான்.”

“என் இஷ்டம்தானே?”

“பின்ன? நாங்க இன்னா சொல்லப் போறோம்?”

“பீரோ, கட்டிலு, கிரைண்டரு எல்லாம் உண்டு. ஆனா மொதத் தட்டுல அந்தத் தோட்டா செய்யற மெஷினும் தராசும்தான். மெஷினு அங்க இருக்கும், இங்க அதோட போட்டோவ ஸ்டுடியோல பெருசாப் போட்டு, பிரேம் மாட்டி, தேங்கா பழத்தோட வெப்பேன்.”

அந்த அம்மாள் கையில் இருந்த டபராவை டக்கென்று கீழே வைத்தார். “மண்டபத்துல ஊரே பாக்குமேங்க!”

“பாக்கட்டும்னுதான வெக்கறேன்.”

காபியை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன், நல்ல காபி. பிரபுவைக் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். கேட்கட்டும். அந்தப் பையன் இதுவரை இதைப் பற்றித் தன் வாயால் ஒரு வார்த்தை சொல்லவில்லை, போட்டோவை அனுப்பிவிட்டு அம்மாவைப் பேச விட்டுவிட்டான். அவனிடம் அனுமதி கேட்காதே. இன்ன தராசு, இன்ன பிரஸ் வாங்குகிறேன் என்று சொல், சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார். விற்றுவிடு என்று சொன்னான் என்றால் எனக்கு ஒரு போன் போடு, மண்டபத்துக்காரரிடம் வேண்டாம் என்று நான் பேசிக்கொள்கிறேன். ஊர் என்ன பேசும் என்ற கவலையை என்னிடம் விடு, இந்த ஊர் பேசிப் பேசித்தான் நான் இந்த வேலையில் தலை நரைத்திருக்கிறேன். சரி என்று சொன்னான் என்றால், பகல் வெளிச்சத்தில் நல்ல படமாக எடுத்து அனுப்பு, கைப்பிடி தெரிகிற மாதிரி.

அவன் என்ன சொன்னாலும் படம் வந்தாக வேண்டும். சீர்த் தட்டில் ஏறாவிட்டால் நம் வீட்டுக் கூடத்தில் மாட்டப்போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் எழுந்து போய்ச் சுத்தியலைத் தேடி எடுத்து வந்து, எவ்வளவு உயரத்தில் என்று என்னைக் கேட்டார். ஆணி அடித்தாயிற்று.

அம்மா